ஏ வகை ஃப்ளூதான், ஆனால் எந்த ஏ?

2009 மார்ச் கடைசியில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தன. ஒருவன் 10 வயதுச் சிறுவன், இன்னொருத்தி 9 வயதுச் சிறுமி. இருவரும் வேறு வேறு மாவட்டம், ஒருவரோடு ஒருவருக்குத் தொடர்பே கிடையாது. இரண்டு பேருக்கும் குணமாகிவிட்டது. ஆனால் அவர்களிடம் எடுத்த மாதிரிகள் ஒரே மாதிரியான, புரியாத முடிவைக் கொடுத்தன: இன்ஃப்ளுயன்சா ஏ பாசிட்டிவ், ஆனால் எச்1 இல்லை, எச்3-ம் இல்லை.

அப்போது மனிதர்களிடையே சுற்றிக்கொண்டிருந்த ஏ வகை ஃப்ளூ என்றால் அது பருவகால எச்1 அல்லது எச்3 ஆகத்தான் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால்? மாதிரிகள் அட்லான்டாவில் உள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போயின. ஏப்ரல் 15-ல் ஒன்று, 17-ல் இன்னொன்று என்று விடை தெரிந்தது. பன்றிகளிடம் இருக்கும் வைரஸ்களின் துண்டுகள் கலந்து உருவான புதிய எச்1என்1 அது. பெயரில் எச்1 இருந்தாலும் பருவகால எச்1-லிருந்து வெகுவாக விலகியிருந்ததால், பழைய எச்1 சோதனையில் அது சிக்கவில்லை. ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் அதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. பெருந்தொற்று ஃப்ளூவுக்கு என்று தயாராக வைத்திருக்கும் ஒரு தனி டெஸ்ட் கிடையாது. வைரஸ் புதிது என்பதால்தான் அது உலகம் முழுக்கப் பரவுகிறது. இன்னும் பிறக்காத ஒன்றுக்கு யாரும் முன்கூட்டியே டெஸ்ட் செய்து வைக்க முடியாது. அதனால் ஆய்வகங்கள் பல சோதனைகளை அடுக்காக வைத்திருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும். இது ஃப்ளூவா? ஏ-வா, பி-யா? ஏ என்றால் நமக்குத் தெரிந்த ஏ-தானா? வைரஸ் உயிரோடு இருக்கிறதா? இந்த ஆளுக்கு முன்பே வந்து போயிருக்கிறதா? எந்தக் கேள்விக்கு எந்த டெஸ்ட் என்று பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

வைரஸைப் பற்றிக் கொஞ்சம்

மனிதர்களுக்கு வரும் ஃப்ளூ வைரஸ்களில் ஏ, பி, சி என்று வகைகள் உண்டு. இதுவரை பெருந்தொற்றை உண்டாக்கியது ஏ மட்டும்தான். நீர்ப்பறவைகள், கோழி, பன்றி, குதிரை, மனிதர் என்று பல உயிர்களில் அது வாழ்கிறது. அதன் மரபுப்பொருள் 8 தனித்தனி ஆர்.என்.ஏ துண்டுகளாக இருக்கிறது. ஒரே செல்லுக்குள் இரண்டு வேறு ஏ வைரஸ்கள் நுழைந்துவிட்டால், துண்டுகள் கலந்து யாரும் பார்த்திராத ஒரு வைரஸ் வெளியே வரலாம்.

வைரஸின் மேற்பரப்பில் இரண்டு புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று ஹீமக்ளூட்டினின், சுருக்கமாக எச். மற்றது நியூராமினிடேஸ், சுருக்கமாக என். இவற்றின் வகையை வைத்துத்தான் பெயர் சூட்டுகிறார்கள். 1918-ல் வந்தது எச்1என்1, 1957-ல் எச்2என்2, 1968-ல் எச்3என்2, 2009-ல் மறுபடியும் ஒரு எச்1என்1.

சோதனைகளைப் புரிந்துகொள்ள இதில் ஒரு விஷயம் முக்கியம். எச், என் இரண்டும் அடிக்கடி மாறும். உள்ளே இருக்கும் மேட்ரிக்ஸ், நியூக்ளியோ புரத மரபணுக்கள் அவ்வளவாக மாறாது. சட்டையை மாற்றினாலும் முகம் மாறாத ஆளைப் போலத்தான். முகத்தைப் பார்த்தால் 'ஏ வகை' என்று சொல்லிவிடலாம், சட்டையைப் பார்த்தால்தான் 'எந்த ஏ' என்று தெரியும். கலிஃபோர்னியாவில் நடந்தது இதுதான்: முகம் தெரிந்தது, சட்டை புதிதாக இருந்தது.

மாதிரி சரியில்லை என்றால் டெஸ்டும் சரியில்லை

எவ்வளவு நல்ல இயந்திரமாக இருந்தாலும், குச்சியில் வைரஸ் வரவில்லை என்றால் நெகட்டிவ்தான் காட்டும். ஃப்ளூ பரிசோதனையில் நடக்கும் தவறுகளில் பெரும்பங்கு ஆய்வகத்துக்கு வெளியே, மாதிரி எடுக்கும் நாற்காலியிலேயே நடந்துவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

மூக்குத் துவாரத்தில் லேசாகத் தொட்டு எடுப்பது போதாது. மூக்கின் பின்பக்கம் தொண்டையோடு சேரும் இடம்வரை ஸ்வாப் போக வேண்டும். குச்சியை மேல்நோக்கிச் சாய்க்காமல், அண்ணத்துக்கு இணையாக, காதை நோக்கிப் போவதுபோல் நேராக உள்ளே செலுத்த வேண்டும். தடை தட்டும் இடத்தில் சில விநாடிகள் வைத்து, மெதுவாகச் சுழற்றி எடுக்க வேண்டும். நோயாளிக்குக் கண்ணில் நீர் வரும், அது இயல்புதான். முனை செயற்கை இழையாக இருக்க வேண்டும். கால்சியம் ஆல்ஜினேட் முனையும், மரக்குச்சியில் சுற்றிய பஞ்சும் கூடாது. அவற்றிலிருந்து கசியும் பொருட்கள் வைரஸையோ, மரபுப்பொருளைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர் வினையையோ கெடுத்துவிடும்.

காலமும் முக்கியம். அறிகுறி தொடங்கிய முதல் மூன்று நான்கு நாட்களில் மேல் சுவாசப்பாதையில் வைரஸ் நிறைய இருக்கும். ஒரு வாரம் கழித்து வரும் பெரியவரிடம் எடுத்தால், ஃப்ளூவே காரணமாக இருந்தும் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். நுரையீரல்வரை இறங்கிய கடுமையான நோயில் மூக்கில் வைரஸ் இல்லாமல் நுரையீரலில் மட்டும் இருக்கலாம். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு மூக்கு ஸ்வாப் நெகட்டிவ் என்று வந்தால் விஷயம் முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. மூச்சுக்குழாயிலிருந்து உறிஞ்சி எடுத்த திரவத்தையும் அனுப்ப வேண்டும். பறவைக் காய்ச்சல் சந்தேகத்தில் கண்ணும் கணக்கில் வரும். 2024-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் பால் பண்ணைத் தொழிலாளி ஒருவருக்கு எச்5என்1 வந்தபோது, கண் சிவந்ததுதான் முக்கிய அறிகுறி. மூக்கை விடக் கண்ணில் எடுத்த மாதிரியில்தான் வைரஸ் அதிகம் இருந்தது.

எடுத்த ஸ்வாபை வைரஸ் கடத்துத் திரவம் உள்ள குழாயில் போட்டு, 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேராது என்றால் மைனஸ் 70 டிகிரியில் உறைய வைக்க வேண்டும். சாதாரண மைனஸ் 20 ஃப்ரீசரில் வைத்தால் வைரஸ் சிதைந்துவிடும். வளர்ப்புச் சோதனைக்கு அது உதவாது.

கால் மணி நேரத்தில் முடிவு, ஆனால் எவ்வளவு நம்பலாம்?

கிளினிக்கிலேயே செய்யக்கூடிய விரைவு ஆன்டிஜென் டெஸ்ட் வைரஸின் நியூக்ளியோ புரதத்தைத் தேடுகிறது. 10, 15 நிமிடத்தில் கோடு தெரியும். ஏ-வா, பி-யா என்று பெரும்பாலும் சொல்லும். எந்த ஏ என்று சொல்லாது. புதிய வைரஸைப் பருவகால வைரஸிலிருந்து பிரித்துக் காட்டும் வேலை இதனால் ஆகாது.

இன்னொரு குறை, தவறவிடுவது. வழக்கமான விரைவு டெஸ்டுகள் ஃப்ளூ இருப்பவர்களில் 50 முதல் 70 சதவீதம் பேரைத்தான் பிடிக்கும். 2009-ல் புதிய எச்1என்1 விஷயத்தில் சில ஆய்வுகளில் அது 10 சதவீதம்வரை இறங்கியது. இந்த நிலை சரியில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-ல் விதியைக் கடுமையாக்கியது. வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் மூலக்கூறுச் சோதனையோடு ஒப்பிடும்போது குறைந்தது 80 சதவீதம் பேரையாவது பிடிக்க வேண்டும் என்றது.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஃப்ளூ உள்ளவர்களில் 60 சதவீதம் பேரைப் பிடிக்கும் ஒரு டெஸ்ட், ஃப்ளூ இல்லாதவர்களில் 95 சதவீதம் பேருக்குச் சரியாக நெகட்டிவ் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நோய் உச்சத்தில் இருக்கும் வாரத்தில் 1000 பேர் வருகிறார்கள், அதில் 300 பேருக்கு ஃப்ளூ. டெஸ்ட் 180 பேரைப் பிடிக்கும், 120 பேரைத் தவறவிடும். ஃப்ளூ இல்லாத 700 பேரில் 35 பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் வரும். மொத்தம் 215 பாசிட்டிவில் 180 உண்மை, எனவே பாசிட்டிவை நம்பலாம். ஆனால் நெகட்டிவ் என்று அனுப்பப்பட்டவர்களில் 120 பேர் கிருமியோடு வீட்டுக்குப் போகிறார்கள்.

இப்போது ஃப்ளூ அபூர்வமாக இருக்கும் மாதம். 1000 பேரில் 10 பேருக்குத்தான் ஃப்ளூ. உண்மையான பாசிட்டிவ் 6, தவறான பாசிட்டிவ் சுமார் 50. அதே டெஸ்ட்தான், ஆனால் இப்போது பாசிட்டிவ் வந்தாலே சந்தேகப்பட வேண்டும். பெருந்தொற்றின் முதல் சில வாரங்களும் இப்படித்தான் இருக்கும். அந்த நேரத்தில் விரைவு டெஸ்டை மட்டும் வைத்து ஒருவரைத் தனிமைப்படுத்துவதும் தவறு, பயமில்லை என்று வீட்டுக்கு அனுப்புவதும் தவறு.

ஆர்.டி-பி.சி.ஆர்: எல்லாம் இங்கேதான் முடிவாகிறது

பெருந்தொற்றைக் கண்டுபிடிப்பதில் முதுகெலும்பு ரியல்-டைம் ஆர்.டி-பி.சி.ஆர் தான். மாதிரியிலிருந்து ஆர்.என்.ஏ-வைப் பிரித்தெடுத்து, ஒரு நொதியைக் கொண்டு டி.என்.ஏ-வாக மாற்றுகிறார்கள். பிறகு ப்ரைமர் எனப்படும் சிறு டி.என்.ஏ துண்டுகளைச் சேர்க்கிறார்கள். வைரஸின் குறிப்பிட்ட மரபணுப் பகுதியோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும்படி அவை தயாரிக்கப்பட்டவை. ஒட்டினால் அந்தப் பகுதி ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாகும். கணக்குப்படி ஒரே ஒரு பிரதி 40 சுற்றில் ஒரு லட்சம் கோடிக்கும் மேல் ஆகும். பெருகப் பெருக ஒளி கூடும், அதை இயந்திரம் அளக்கும். எத்தனையாவது சுற்றில் ஒளி குறிப்பிட்ட அளவைத் தாண்டியது என்பதுதான் சி.டி எண். எண் சிறியதாக இருந்தால் வைரஸ் நிறைய இருக்கிறது என்று பொருள்.

ஒரே மாதிரியைப் பல குழாய்களில் ஓட்டுவார்கள். ஒன்றில் ஏ வகையின் மாறாத மேட்ரிக்ஸ் மரபணுவுக்கான ப்ரைமர், இன்னொன்றில் பி வகைக்கானது, மற்றவற்றில் எச்1, எச்3, தேவைப்பட்டால் எச்5, எச்7. கூடவே மனித மரபணு ஒன்றுக்கும் ஒரு குழாய். மனித செல்லே இல்லை என்று அந்தக் குழாய் காட்டினால், ஸ்வாப் சரியாக எடுக்கப்படவில்லை என்று அர்த்தம். அப்போது வைரஸ் நெகட்டிவ் என்று எழுதக் கூடாது, மறுபடி மாதிரி கேட்க வேண்டும். இந்த ஒரு குழாயை நான் மிகவும் மதிக்கிறேன். 'நோய் இல்லை' என்பதையும் 'எனக்குத் தெரியவில்லை' என்பதையும் பிரித்துச் சொல்வது அதுதான்.

சரி, முடிவுகளைப் படித்துப் பார்ப்போம். முதல் மாதிரி: ஏ பாசிட்டிவ், சி.டி 24. எச்3 பாசிட்டிவ், சி.டி 25. எச்1 நெகட்டிவ். இது வழக்கமான பருவகால எச்3, கவலைப்பட ஒன்றுமில்லை. இரண்டாவது: ஏ பாசிட்டிவ், சி.டி 37. எச்1, எச்3 இரண்டும் நெகட்டிவ். இங்கே வைரஸ் மிகக் குறைவாக இருக்கிறது, அதனால் எச்1, எச்3 போன்ற உள்வகைகளுக்கான குழாய்களில் எட்டாமல் போயிருக்கலாம். மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும், முடிந்தால் புதிய மாதிரி வாங்க வேண்டும். மூன்றாவது: ஏ பாசிட்டிவ், சி.டி 22. எச்1 நெகட்டிவ், எச்3 நெகட்டிவ். வைரஸ் தாராளமாக இருக்கிறது, ஆனால் தெரிந்த எந்த எச்-உடனும் பொருந்தவில்லை. இந்த மூன்றாவது மாதிரியைப் பார்த்தால் ஆய்வகத்தில் இருப்பவர்கள் அன்றைக்கே உயர் ஆய்வகத்தோடு பேசியாக வேண்டும். புதிய உள்வகை ஃப்ளூ மனிதருக்கு வந்திருப்பது உறுதியானால், பன்னாட்டு சுகாதார விதிமுறைகளின்படி நாடு 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

புதிய வைரஸின் வரிசை தெரிந்துவிட்டால் அதற்கேற்ற ப்ரைமர் தயாரிப்பது கஷ்டமில்லை. 2009-ல் ஏப்ரல் 28 அன்றே புதிய எச்1என்1-க்கான பி.சி.ஆர் சோதனைக்கு அமெரிக்காவில் அவசர அனுமதி கிடைத்தது. முதல் விடை தெரிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பி.சி.ஆருக்கும் ஒரு பலவீனம் உண்டு. ப்ரைமர் ஒட்டும் இடத்திலேயே வைரஸ் மாறிவிட்டால் டெஸ்ட் அதைப் பார்க்காது. அதனால்தான் ப்ரைமர்களைச் சுற்றிவரும் வைரஸ்களோடு ஒப்பிட்டு அவ்வப்போது திருத்துகிறார்கள்.

இதே தத்துவத்தில் இயங்கும் சிறிய விரைவு மூலக்கூறுக் கருவிகளும் இருக்கின்றன. 15 முதல் 30 நிமிடத்தில் முடிவு தரும், ஆன்டிஜென் டெஸ்டை விட மிகத் துல்லியமானவை. ஆனால் அவற்றிலும் பல, ஏ அல்லது பி என்பதோடு நின்றுவிடும்.

வைரஸோடு ஒட்டிக்கொள்ளும், ஒளிரும் சாயம் பூசிய எதிர்ப்பொருள்களை (ஆன்டிபாடி) வைத்து மூக்குச் செல்களை நுண்ணோக்கியில் பார்க்கும் இம்யூனோஃப்ளூரசன்ஸ் முறையும் உண்டு. அதற்கு முழுசான செல்களும் பழகிய கண்ணும் வேண்டும். பி.சி.ஆர் பரவிய பிறகு அதன் பயன்பாடு குறைந்துவிட்டது.

வைரஸை வளர்ப்பது எதற்கு?

ஃப்ளூ வைரஸை வளர்க்க எம்.டி.சி.கே எனப்படும் நாய்ச் சிறுநீரகச் செல்களையோ கரு வளரும் கோழி முட்டைகளையோ பயன்படுத்துகிறார்கள். முடிவு வர 3 முதல் 10 நாள் ஆகும், நோயாளிக்கு அதனால் உடனடிப் பலன் இல்லை. இருந்தும் இதை விட முடியாது. பி.சி.ஆர் ஆர்.என்.ஏ இருக்கிறதா என்றுதான் சொல்லும், வைரஸ் உயிரோடு இருக்கிறதா என்று சொல்லாது. தடுப்பூசி தயாரிக்கவும், மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கவும், எதிர்ப்பொருள் சோதனை நடத்தவும் உயிருள்ள வைரஸ் வேண்டும். நாம் தேடாத வைரஸும் வளர்ப்பில் வெளிப்படும் என்பது இன்னொரு பலம்.

ஹாங்காங்கில் 1997 மே மாதம் மூன்று வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. அதனிடமிருந்து வளர்த்தெடுத்த வைரஸ் ஏ வகை என்று தெரிந்தது, ஆனால் எச் வகையைக் கண்டறியக் கையிலிருந்த சோதனைப் பொருட்கள் எதுவும் பொருந்தவில்லை. அது எச்5என்1 என்று உறுதியானது ஆகஸ்டில்தான். அந்தப் பரவலில் மொத்தம் 18 பேருக்கு நோய் உறுதியாகி, 6 பேர் இறந்தார்கள். பி.சி.ஆர் பரவலாக இல்லாத அந்தக் காலத்தில் வகை கண்டுபிடிக்கவே மூன்று மாதம் பிடித்தது. 2009-ல் அதுவே சில வாரங்களில் முடிந்தது.

புதிய வகை என்று சந்தேகம் இருக்கும் மாதிரியைச் சாதாரண ஆய்வகத்தில் வளர்க்கவே கூடாது. அதற்குக் கூடுதல் பாதுகாப்போடு கூடிய மூன்றாம் நிலை உயிரிப் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும். இந்த விதியில் சமரசமே கிடையாது, ஏனென்றால் வளர்ப்புக் குடுவையில் இருப்பது மூக்குச் சளியில் இருப்பதை விடப் பல மடங்கு செறிந்த உயிருள்ள வைரஸ்.

வளர்த்த வைரஸையோ நேரடியாக மாதிரியையோ எடுத்து 8 துண்டுகளின் முழு வரிசையையும் படிப்பது அடுத்த கட்டம். எந்தத் துண்டு எந்த விலங்கிலிருந்து வந்தது, பாலூட்டிகளின் உடலுக்கு ஏற்ற மாற்றங்கள் இருக்கின்றனவா, மருந்துக்குக் கட்டுப்படுமா என்பதெல்லாம் இதில் தெரியும். நியூராமினிடேஸில் 275-ஆவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால்போதும், எச்1என்1 வைரஸ் ஓசெல்டமிவிர் என்ற ஃப்ளூ மருந்துக்கு அடங்காது. 2008-09 பருவத்தில் பழைய பருவகால எச்1என்1 ஏறக்குறைய முழுவதும் இப்படி மாறியிருந்தது.

ரத்தத்தில் தேடுவது

ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் சோதனை இன்றைய நோயாளிக்கானது அல்ல. ஹீமக்ளூட்டினின் சிவப்பணுக்களைப் பிடித்து வலைபோல் ஒட்ட வைக்கும். இதை 1941-ல் ஜார்ஜ் ஹிர்ஸ்ட் கண்டுபிடித்தார். நோயாளியின் ரத்தச் சீரத்தில் அந்த வைரஸுக்கு எதிர்ப்பொருள் இருந்தால் ஒட்டுவது தடைபட்டு, சிவப்பணுக்கள் குழியின் அடியில் பொட்டுபோலத் தங்கும். சீரத்தை 10 மடங்கு, 20 மடங்கு, 40 மடங்கு என்று நீர்க்க வைத்து, எதுவரை தடுக்கிறது என்று பார்ப்பார்கள்.

நமக்கெல்லாம் ஏதோ ஒரு ஃப்ளூவுக்கு எதிர்ப்பொருள் ஏற்கெனவே இருக்கும். அதனால் ஒரே ஒரு ரத்த மாதிரியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நோய் தொடங்கிய முதல் வாரத்தில் ஒன்று, இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து இன்னொன்று எடுத்து, அளவு நான்கு மடங்காவது கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதன் உண்மையான மதிப்பு ஒரு சமூகத்தையே பார்க்கும்போது தெரியும். 2009-ல் சேமித்து வைத்திருந்த பழைய ரத்த மாதிரிகளைச் சோதித்தபோது, 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குப் புதிய எச்1என்1-ஐ எதிர்க்கும் எதிர்ப்பொருள் ஏற்கெனவே இருப்பது தெரிந்தது. சிறுபிள்ளைகளிடம் அது இல்லை. வயதானவர்களை விட இளையவர்களை அந்தப் பெருந்தொற்று ஏன் அதிகம் தாக்கியது என்பதற்கு அங்கேதான் விடை கிடைத்தது.

எல்லோருக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

தொடக்கத்தில் ஆம். ஒவ்வொரு சந்தேக நோயாளியையும் சோதித்தால்தான் வைரஸ் எங்கே இருக்கிறது என்று தெரியும். பரவிய பிறகு அது முடியாத காரியம், தேவையும் இல்லை. 2009 ஜூலை 16 அன்று உலக சுகாதார நிறுவனமே, பரவல் அதிகமுள்ள நாடுகள் ஒவ்வொரு நோயாளியையும் சோதித்து எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்று சொன்னது. அப்போது ஆய்வகத்தின் நேரம் மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கும், ஒரே இடத்தில் பலருக்கு வழக்கத்துக்கு மாறாக வரும் நோய்களுக்கும், வைரஸ் மாறுகிறதா என்று கவனிக்க எடுக்கும் மாதிரிகளுக்கும் போக வேண்டும்.

கர்ப்பிணிகள், முதியவர்கள், ஏற்கெனவே நோய் உள்ளவர்கள், தீவிரமாகப் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு முடிவு வரும்வரை மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. ஓசெல்டமிவிர் அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். மருந்தைத் தொடங்கிவிட்டு டெஸ்டுக்கு அனுப்பலாம்.

அப்புறம், மாதிரியோடு போகும் படிவம். அவசரத்தில் பெயரும் வயதும் மட்டும் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அறிகுறி எந்தத் தேதியில் தொடங்கியது, நோயாளி பறவை, பன்றி, மாடு எதையாவது கையாண்டாரா, அண்மையில் எங்கே போய் வந்தார் என்ற மூன்றையும் எழுதுங்கள். எச்1, எச்3 குழாய்களோடு எச்5 குழாயையும் முதல் ஓட்டத்திலேயே சேர்க்க வேண்டுமா என்று ஆய்வகம் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்யும்.